குளிரைக் காக்கும் குழாய்

மீக்கடத்தி மோட்டாரைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் ‘தடை பூஜ்ஜியம்’ என்ற இடத்திலிருந்துதான் ஆரம்பிப்பார்கள். கம்பிக்குள் மின்சாரம் எந்த எதிர்ப்பும் இல்லாமல் ஓடுவது அதிசயம்தான், மறுக்கவில்லை. ஆனால் அது இயற்கை தன் பாட்டுக்குச் செய்துகொண்டிருப்பது. மனிதன் அதைக் கண்டுகொண்டான், அவ்வளவே. மனிதன் மெனக்கெட்டுச் செய்ததில் ரசிக்கத்தக்கது எது என்று கேட்டால், அந்த மோட்டாருக்குள் இருக்கும் ஒரு குழாயைத்தான் காட்டுவேன். விளம்பரப் படங்களில் அது தெரியாது. வெட்டுத்தோற்ற வரைபடத்தில்கூட இரண்டு மெல்லிய கோடுகளாகவே இருக்கும்.

அந்தக் குழாய்க்கு என்ன வேலை என்று பார்ப்போம். அமெரிக்கக் கடற்படைக்காக அமெரிக்கன் சூப்பர்கண்டக்டர் நிறுவனமும் நார்த்ரப் க்ரம்மன் நிறுவனமும் சேர்ந்து ஒரு கப்பல் மோட்டார் செய்தன. திறன் 36.5 மெகாவாட், குதிரைத்திறனில் சொன்னால் சுமார் 49,000. 2009 ஜனவரியில் ஃபிலடெல்ஃபியாவில் உள்ள கடற்படையின் தரைச் சோதனைக் கூடத்தில் அதை முழுத்திறனில் ஓட்டிக் காட்டினார்கள். முழுவேகம் நிமிடத்துக்கு 120 சுற்று, அதாவது நொடிக்கு இரண்டே சுற்று. இவ்வளவு திறன் இவ்வளவு நிதானமான சுழற்சியில் வெளிவர வேண்டுமானால் முறுக்குவிசை 29 லட்சம் நியூட்டன் மீட்டர் இருக்க வேண்டும். தண்டில் ஒரு மீட்டர் நீளக் கையைப் பொருத்தி, அதன் நுனியில் ஏறக்குறைய 300 டன்னைத் தொங்கவிட்டால்தான் அந்தத் தண்டு நிற்கும்.

இந்த விசையைப் பெறுகிறவை, சுழலும் பகுதியான ரோட்டாரில் உள்ள மீக்கடத்திச் சுற்றுகள். அவை 30 கெல்வின் அளவில் குளிர்ந்து கிடக்கின்றன. செல்சியஸ் கணக்கில் பூஜ்ஜியத்துக்குக் கீழே 243 டிகிரி. விசை போய்ச் சேர வேண்டிய தண்டோ எஞ்சின் அறையின் வெக்கையில் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே இருப்பது அந்தக் குழாய்தான். அத்தனை முறுக்கையும் அது கடத்த வேண்டும். வெப்பத்தை மட்டும் கடத்தக் கூடாது. வலிமைக்காகச் சுவரைத் தடிமனாக்கினால் வெப்பம் தாராளமாக உள்ளே வரும். வெப்பத்துக்குப் பயந்து மெலிதாக்கினால் முறுக்கில் பிய்ந்துபோகும்.

இதிலிருந்து வெளியே வரும் வழி வெறும் வடிவியல். மெல்லிய சுவருள்ள குழாய் ஒன்று எவ்வளவு முறுக்கைத் தாங்கும் என்பது அதன் ஆரத்தின் வர்க்கத்தையும் சுவரின் தடிமனையும் பெருக்கி வருவது. வெப்பம் நுழையும் பரப்போ ஆரத்தையும் தடிமனையும் பெருக்கி வருவது. அங்கே வர்க்கம் இல்லை. ஆக, ஆரத்தை இரண்டு மடங்காக்கினால் சுவரின் தடிமனை நாலில் ஒரு பங்காகக் குறைத்துவிடலாம். வலிமை அப்படியே நிற்கும், வெப்பத்தின் வாசல் பாதியாகச் சுருங்கிவிடும். பெரிதாக்கப் பெரிதாக்க லாபம், சுவர் நெளிந்து மடங்கும் எல்லை வரும் வரை. பள்ளிக்கூடக் கணக்குதான். ஆனால் அதைக் கொண்டுபோய் 49,000 குதிரைகளைக் கட்டிவைக்கும் இடத்தில் போட்டிருக்கிறார்கள் பாருங்கள், அதுதான் எனக்குப் பிடித்திருக்கிறது.

குழாயை எதில் செய்வது என்பதிலும் இதே தேர்வுதான். கண்ணாடி இழையைப் பிசினில் இறுக்கிச் செய்யும் கலவை, துருப்பிடிக்காத எஃகைவிடப் பல மடங்கு குறைவாக வெப்பத்தைக் கடத்துகிறது. முறுக்கையும் நன்றாகவே தாங்குகிறது. உலோகம்தான் வேண்டும் என்கிறவர்கள் இன்கொனல் போன்ற நிக்கல் கலவைகளை நாடுகிறார்கள். இதோடு முடியவில்லை. அறை வெப்பத்தில் 2 மீட்டர் நீளமுள்ள துருப்பிடிக்காத எஃகு 30 கெல்வினுக்குக் குளிரும்போது ஏறக்குறைய 6 மில்லிமீட்டர் சுருங்கிவிடும். ரோட்டார் உள்ளே சுருங்குகிறது, வெளிக்கூடு சுருங்குவதில்லை. எனவே ஒரு முனையை இறுகப் பிடித்து, மறுமுனை நகர இடம் விட்டுச் செய்ய வேண்டும். முறுக்குக்கு அசையாத, சுருக்கத்துக்கு மட்டும் வழிவிடும் பிடிப்பு அது.

இவ்வளவு பாடு எதற்கு என்று கேட்கலாம். கப்பலின் ப்ரொப்பெல்லர் பெரிதாக இருந்து மெதுவாகச் சுற்றினால்தான் தண்ணீரைச் சிக்கனமாகத் தள்ளும். வேகமாகச் சுற்றினால் இலைகளில் நீராவிக் குமிழிகள் எழுந்து வெடிக்கும், சத்தமும் அரிப்பும் மிஞ்சும். மின்மோட்டார்களின் குணமோ நேர் எதிர். மோட்டாரின் உருவத்தைத் தீர்மானிப்பது அதன் திறன் அல்ல, முறுக்குவிசை. வேகமாகச் சுற்றும் மோட்டார் சின்னதாக இருக்கும். அதே திறனை மெதுவாகக் கேட்டால் பூதமாக வளரும். நடுவில் கியர்பாக்ஸ் வைக்கலாம்தான். ஆனால் பற்கள் உரசும் ஓசை நீருக்குள் வெகுதூரம் கேட்கும், போர்க்கப்பலுக்கு அது ஆகாது.

மோட்டாரைச் சின்னதாக்க ஏன் முடியவில்லை என்பது, காயில் கட்டும் கடையில் பிரித்துப் போட்ட மோட்டாரைப் பார்த்தவர்களுக்குச் சட்டென்று புரியும். உள்ளே, ஸ்டேட்டர் எனும் சுழலாத பகுதியில், வட்டமாக இரும்புப் பற்கள். பற்களுக்கு நடுவே பள்ளம். பள்ளத்தில் செம்புக் கம்பி. காந்தப்புலம் பல்லின் வழியே வருகிறது, மின்னோட்டம் பள்ளத்தின் வழியே போகிறது. முறுக்கு அதிகம் வேண்டுமென்றால் இரண்டில் ஒன்றைக் கூட்ட வேண்டும். இரும்பு ஏறக்குறைய 2 டெஸ்லாவில் நிறைந்துவிடும், அதற்குமேல் திணித்தால் ஏற்காது. செம்பில் மின்னோட்டத்தைக் கூட்டினால் சூடாகிப் பொசுங்கும். கம்பிக்கு இடம் கூடக் கொடுக்கலாமென்றால் பல் மெலியும். பல்லைத் தடிமனாக்கினால் கம்பிக்கு இடம் போகும். நூறு வருஷத்துக்கும் மேலாக மோட்டார் செய்கிறவர்கள் இந்த ஒரு அங்குல இடத்துக்காகத்தான் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

மீக்கடத்தி வந்து செய்த காரியம், அந்தப் பற்களைப் பிடுங்கி எறிந்ததுதான். ரோட்டாரின் சுற்றுகளே வலுவான புலத்தை எழுப்பிவிடுவதால் அதை வழிநடத்த இரும்புப் பல் தேவைப்படவில்லை. பல் போன இடம் முழுவதும் செம்புக்குக் கிடைத்தது. ஃபிலடெல்ஃபியா மோட்டார் 75 டன் எடையில் அடங்கியதற்கு இதுதான் காரணம். அதே வேலைக்கான வழக்கமான மோட்டாரை விட்டு இதை ஏற்றினால் கப்பலில் ஏறக்குறைய 200 டன் மிச்சமாகும் என்பது செய்தவர்கள் சொன்ன கணக்கு.

பல் போனதில் கூடவே ஒரு சுகம். சாதாரண மோட்டாரில் ரோட்டாரின் காந்தம் ஒவ்வொரு பல்லையும் கடக்கும்போது இழுத்து விட்டு இழுத்து விட்டுப் போகும். அந்த அதிர்வே ‘ம்ம்’ என்ற உறுமலாகக் கேட்கிறது. பல் இல்லாத ஸ்டேட்டரில் அந்த இழுபறிக்கு வழியில்லை. நீர்மூழ்கிக் கப்பல்காரர்களின் காது இந்த இடத்தில்தான் கூர்மையாகியிருக்கும்.

ஆனால் எந்த வசதியும் இலவசமாக வருவதில்லை. பல் இருந்த காலத்தில் விசையின் பெரும்பகுதியை இரும்பு வாங்கிக்கொண்டது. கம்பி பள்ளத்தில் பத்திரமாகக் கிடந்தது. இப்போது கம்பியே நேராகப் புலத்தில் நிற்கிறது. முழு முறுக்கின் எதிர்விசையும் செம்பின்மேலேயே விழுகிறது. எனவே காந்தமற்ற கண்ணாடி இழையில் பொய்ப்பற்கள் செய்து கம்பியை இறுக்கிப் பிடிக்கிறார்கள். இன்னொரு தொல்லையும் உண்டு. மாறும் புலத்தில் தடித்த செம்பு நின்றால் அதற்குள்ளேயே சுழல் மின்னோட்டங்கள் பிறந்து சூடாகும். அதற்காகக் கம்பியை மெல்லிய இழைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே காப்புப் பூசி, எல்லா இழைகளும் எல்லா இடங்களுக்கும் மாறி மாறி வரும்படி பின்னுகிறார்கள். எந்த இழையும் எப்போதும் விளிம்பிலேயே மாட்டிக்கொள்ளாது. கஷ்டத்தைச் சமமாகப் பங்கிடும் பின்னல். இந்த மோட்டாரில் 16 துருவங்கள். 120 சுற்றுக்கு மின்னோட்டம் நொடிக்கு 16 முறைதான் திசை மாறி வருகிறது. நம் வீட்டுக்கு வருவது 50 முறை. அந்த நிதானமும் செம்புக்கு உதவுகிறது.

இங்கே கவனமான வாசகர் ஒரு கேள்வி கேட்பார்: ஸ்டேட்டரில் ஏன் இன்னும் செம்பு? அதையும் மீக்கடத்தியாக்க வேண்டியதுதானே? இந்த வடிவமைப்பின் மிக நுட்பமான யோசனை இதற்கான பதிலில்தான் இருக்கிறது. மீக்கடத்தியின் பூஜ்ஜியத் தடை, திசை மாறாத நேர்மின்னோட்டத்துக்கு மட்டுமே உரிய சலுகை. புலம் மாறிக்கொண்டே இருந்தால் அதற்குள்ளும் வெப்பம் பிறக்கும். செம்பில் அந்த வெப்பம் பிறந்தால் தண்ணீர் விட்டுத் தணிக்கலாம். 30 கெல்வினில் பிறந்தால் அதை வெளியே எடுப்பதற்குள் தாவு தீர்ந்துவிடும். ஆகவே மாறும் மின்னோட்டத்தைச் செம்பிடம் கொடுத்துவிட்டு, மாறாததை மீக்கடத்தியிடம் வைத்தார்கள்.

மாறாதது ரோட்டாரில் எப்படி இருக்க முடியும், அது சுற்றுகிறதே? ஸ்டேட்டரில் எழும் புலமும் சுற்றிக்கொண்டேதான் இருக்கிறது, அதே 120 சுற்றில். இது ஒத்தியங்கு மோட்டார். ரோட்டார் அந்தப் புலத்தோடு கைகோத்துச் சுற்றுகிறது. வெளியே நிற்கும் நமக்குத்தான் இரண்டும் சுழல்கின்றன. ரோட்டாரின்மேல் உட்கார்ந்து பார்த்தால் எதுவுமே அசையவில்லை. 75 டன் பொறி, 49,000 குதிரைத்திறன், அத்தனை ஆரவாரத்துக்கும் நடுவில் மீக்கடத்திச் சுற்றுகளுக்குத் தெரிவதெல்லாம் நிலையான ஒரு புலம் மட்டுமே. மீக்கடத்தியின் குணத்துக்கு ஒத்துவரும் ஒரே இருக்கையைத் தேடிப்பிடித்து அங்கே அதை அமர்த்தியிருக்கிறார்கள்.

நடைமுறையில் அவ்வளவு தூய்மை கிடைக்காது. மின்னணு இயக்கியிலிருந்து வரும் மின்னோட்டத்தின் அலைமேல் சிற்றலைகள் ஏறி வரும். கடல் கொந்தளித்தால் ப்ரொப்பெல்லரின் சுமை கூடிக் குறையும். இவை ரோட்டாரைத் தொட்டால் வெப்பம். அதற்காக ரோட்டாரைச் சுற்றி நன்றாக மின்கடத்தும் உலோக உறை ஒன்றை, குளிர்ப் பகுதிக்கு வெளியே, வெதுவெதுப்பான பக்கத்தில் வைக்கிறார்கள். சிற்றலைகள் அந்த உறையில் மோதி, அங்கேயே வெப்பமாகி, அங்கேயே அடங்கிவிடும். நிலையான புலத்தை மட்டும் உறை தடுக்காது.

கம்பிக்கு வருவோம். 1911-இல் லைடன் நகரில் ஹைக்கே கமர்லிங் ஓனஸ் பாதரசத்தில் கண்ட மீக்கடத்தலுக்கு 4.2 கெல்வின் வேண்டியிருந்தது. 1986-இல் ஜூரிச்சில் ஐபிஎம் ஆய்வகத்தின் பெட்நோர்ஸும் முல்லரும் செராமிக் ஒன்றில் அதைவிட உயர்ந்த வெப்பநிலையில் மீக்கடத்தலைக் கண்டார்கள். மறு ஆண்டே நோபல் பரிசு. 1988-இல் ஜப்பானில் ஹிரோஷி மயேதா பிஸ்மத் கலந்த செராமிக்கில் 110 கெல்வின் அளவைத் தொட்டார். ஃபிலடெல்ஃபியா மோட்டாரின் கம்பி இந்தப் பிஸ்மத் குடும்பம்.

செராமிக் என்றால் வளைத்தால் ஒடியும் பொருள். அதில் எப்படிக் கம்பி செய்வது? பொடியாக்கி வெள்ளிக் குழாயில் அடைத்து இழுக்கிறார்கள். அப்படி இழுத்தவற்றைக் கட்டாகக் கட்டி, இன்னொரு வெள்ளிக் குழாயில் நுழைத்து மறுபடி இழுக்கிறார்கள். பிறகு உருளைகளுக்கு நடுவே விட்டு நசுக்கி, ஏறக்குறைய 4 மில்லிமீட்டர் அகலமும் மில்லிமீட்டரில் ஐந்திலொரு பங்கு தடிமனும் உள்ள நாடாவாக்குகிறார்கள். குறுக்கே வெட்டி உருப்பெருக்கியில் பார்த்தால், வெளிர் வெள்ளிக்குள் கறுத்துத் தட்டையான இழைகள் ஐம்பதுக்குமேல் அடுக்கடுக்காகத் தெரியும்.

வெள்ளி ஏன்? பகட்டுக்கு அல்ல. இந்தப் பொடி 800 டிகிரிக்கு மேல் வேகும்போதுதான் சரியான படிகமாகும். வேகும்போது அது ஆக்ஸிஜனை எடுக்கவும் விடவும் வேண்டும். மூடிய குழாய்க்குள் காற்று எப்படிப் போகும்? சூடான வெள்ளியின் வழியே ஆக்ஸிஜன் ஊடுருவிப் போகும். அதோடு வெள்ளி இந்தச் செராமிக்கோடு வினைபுரிந்து அதைக் கெடுப்பதுமில்லை. மற்ற உலோகங்களை வைத்தால் ஒன்று மூச்சு முட்டும், இல்லையேல் விஷமேறும். விலையைப் பார்த்து வேறு எதையாவது வைக்கலாம் என்று தேடியவர்கள் திரும்பத் திரும்ப வெள்ளியிடமே வந்து நின்றார்கள்.

உருளையில் நசுக்குவதும் தட்டையாக்குவதற்கு மட்டுமல்ல. இந்தப் படிகங்கள் இயல்பிலேயே தகடு தகடானவை. நசுக்கும்போது எல்லாத் தகடுகளும் ஒரே தளத்தில் படிந்துவிடும். படிகங்கள் ஒன்றுக்கொன்று கோணலாக நின்றால் சந்திப்பில் மீக்கடத்தல் அறுந்துபோகும். ஒரே திசையில் படிந்தால்தான் மின்னோட்டம் தாண்டித் தாண்டிப் போகும். பின்னால் வந்த இட்ரியம் வகைச் செராமிக் இப்படி நசுக்கலுக்கு மசியாது. அதற்காக, ஏற்கெனவே ஒழுங்குபடுத்திய நிக்கல் கலவைத் தகட்டின்மேல், மெல்லிய இடைப்படலங்களை இட்டு, அந்த ஒழுங்கைப் பார்த்தே படிகம் வளரும்படி செய்ய வேண்டியிருந்தது. மைக்ரான் கணக்கிலான அந்தப் படலத்தை நூற்றுக்கணக்கான மீட்டர் நீளத்துக்குப் பிசகாமல் வளர்ப்பது வேறொரு சாதனை. எனக்கென்னவோ உருளையில் நசுக்கிய பழைய நாடாவின்மேல்தான் பிரியம்.

110 கெல்வினில் மீக்கடத்தும் பொருள் என்றால் 77 கெல்வினில் கொதிக்கும் திரவ நைட்ரஜனே போதுமே, 30-க்கு ஏன் இறங்கினார்கள்? நைட்ரஜன் மலிவானது, கையாளவும் சுலபம். ஆனால் இந்த நாடா காந்தப்புலத்துக்கு நடுவே நின்றால் 77 கெல்வினில் துவண்டுபோகும். தாங்கும் மின்னோட்டம் சரசரவென்று இறங்கும். மோட்டாரில் புலம் இல்லாமல் எப்படி? அதிலும் நாடாவின் தட்டைப் பரப்பைக் குத்தும் புலம்தான் கெடுதல், பரப்போடு ஒட்டிப்போகும் புலத்தை அது பொறுத்துக்கொள்ளும். சுற்றின் விளிம்புகளில் புலம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்துப் பார்த்து வடிவமைக்கிறார்கள்.

30 என்பதே ஒரு பேரம்தான். ஒரு வாட் வெப்பத்தை 4.2 கெல்வினிலிருந்து அறை வெப்பத்துக்கு ஏற்றி வெளியேற்ற, வெப்ப இயக்கவியல் கேட்கும் குறைந்தபட்சக் கூலி 70 வாட். 30 கெல்வினிலிருந்து என்றால் 9 வாட். 77-இலிருந்து என்றால் மூன்றுக்கும் சற்றுக் குறைவு. நிஜக் குளிர்ப்பொறிகள் இதைப்போலப் பல மடங்கு கேட்கும். 30-இல் நாடாவும் தெம்பாக இருக்கும், கூலியும் கட்டுப்படியாகும். பழைய தலைமுறை மோட்டார்கள் 4 கெல்வினில்தான் ஓடின. நியூகாசிலின் ஐஆர்டி நிறுவனம் 3,250 குதிரைத்திறன் மோட்டார் ஒன்றை இங்கிலாந்தின் ஃபாவ்லி மின்நிலையத்துக்காகச் செய்தது. அமெரிக்கக் கடற்படை 1980-களின் தொடக்கத்தில் ஜூபிடர் 2 என்ற சோதனைப் படகில் ஏற்றிப் பார்த்ததும் திரவ ஹீலியம் மோட்டார்தான். அவை ஃபாரடேயின் வட்டத்தகட்டு மோட்டாரின் வாரிசுகள்: மின்னழுத்தம் குறைவு, மின்னோட்டமோ ஆயிரக்கணக்கான ஆம்பியர். அதைச் சுழலும் தகட்டுக்குக் கொண்டு சேர்க்கும் பிரஷ்களே அவற்றின் தலைவலி. அழகான தத்துவம், கரடுமுரடான உரசல். அந்த வழி நின்றுபோனதில் எனக்குப் பெரிய வருத்தமில்லை.

குளிரைக் காப்பது ஒரு பாதி, குளிரைக் கொண்டு சேர்ப்பது மறுபாதி. அறை வெப்பத்தில் இருக்கும் ஒரு கரிய பரப்பு சதுர மீட்டருக்கு 460 வாட் கதிர்வீச்சை வீசும். ரோட்டாரைச் சுற்றி வெற்றிடம் ஏற்படுத்தி, அலுமினியம் பூசிய மெல்லிய தாள்களைப் பத்துப் பத்தாக அடுக்கி, அதைச் சதுர மீட்டருக்கு ஒரு வாட் அளவுக்குக் கொண்டுவந்துவிடுகிறார்கள். பிறகு, சுழலும் தண்டுக்குள் குளிர்ந்த ஹீலியம் வாயுவை எப்படி அனுப்புவது? நிற்கும் குழாயும் சுழலும் குழாயும் சந்திக்கும் இடத்தில் கசியக் கூடாது, உரசவும் கூடாது. இப்படிப்பட்ட இடங்களில் காந்தத் திரவ அடைப்பு கைகொடுக்கிறது: நுண்ணிய காந்தத் துகள்கள் மிதக்கும் எண்ணெய், காந்தம் பிடித்து வைத்த இடத்திலேயே வளையமாக நிற்கும், தண்டு அதற்குள் வழுக்கிச் சுழலும். 1963-இல் நாசாவில் ஸ்டீவ் பாப்பெல் ராக்கெட் எரிபொருளுக்காக யோசித்த திரவம் இது. ராக்கெட்டுக்கு உதவாமல் தண்டுகளின் அடைப்பாக வாழ்ந்துகொண்டிருக்கிறது.

ஜெர்மனியில் சீமென்ஸ் இதையும் விஞ்சியது என்பேன். அவர்கள் 120 சுற்றில் 4 மெகாவாட் தரும் கப்பல் மோட்டார் வரை போனார்கள். குளிருக்கு எடுத்துக்கொண்டது நியான். குளிர்முனையில் நியான் வாயு திரவமாகச் சொட்டி, ரோட்டாரின் குழிவுக்குள் ஓடி, சுவரைத் தொட்டுக் கொதித்து, வாயுவாகி, வந்த வழியே திரும்பிக் குளிர்முனைக்குப் போகிறது. பம்ப் இல்லை, வால்வு இல்லை. எங்கே சூடு அதிகமோ அங்கே அதிகம் கொதிக்கிறது. தேவையை அதுவே அறிந்து பரிமாறுகிறது. ஒரே ஒரு கத்திமுனை: நியான் 27.1 கெல்வினில் கொதிக்கும், 24.6 கெல்வினில் உறையும். நடுவில் இரண்டரை டிகிரி இடைவெளிதான். கொஞ்சம் அதிகமாகக் குளிரவிட்டால் குளிர்முனையிலேயே கட்டியாகிவிடும். கப்பல் அலையில் முன்னும் பின்னும் சாயும்போது திரவம் ஒருபக்கமாக ஓடிவிடாமல் பார்த்துக்கொள்ளும் கவலை தனி.

இத்தனை நயத்தோடும் இந்த மோட்டார் ஏன் கப்பல்களை ஆளவில்லை? 2016-இல் அமெரிக்கக் கடற்படையில் சேர்ந்த ஜம்வால்ட் நாசகாரிக் கப்பலில் இருப்பவை மீக்கடத்தி இல்லாத தூண்டல் மோட்டார்கள். கனம், பருமன், ஆனால் சுவிட்சைப் போட்டால் ஓடும். மீக்கடத்தி மோட்டாரை அறை வெப்பத்திலிருந்து 30 கெல்வினுக்கு இறக்க நாட்கணக்காகும். கரையில் நிறுத்திவைத்தாலும் குளிர்ப்பொறி ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு தளபதி இதைக் கேட்டு முகம் சுளித்தால் நான் அவரைக் குறை சொல்ல மாட்டேன். அதே சமயம் இன்னொரு கணக்கையும் அவருக்குக் காட்டலாம். கப்பலுக்குத் தேவைப்படும் திறன், வேகத்தின் மும்மடியாக ஏறுவது. பாதி வேகத்துக்கு எட்டில் ஒரு பங்கு போதும். பெரும்பாலான நேரம் கப்பல்கள் அப்படி நிதானமாகத்தான் போகின்றன. ரோட்டார் சுற்றுகளில் இழப்பே இல்லாத மோட்டார் அந்த நிதானத்திலும் தன் சிக்கனத்தைப் பெரிதாக இழப்பதில்லை.

இதற்கிடையில் மீக்கடத்தி நாடா வேறு வேடத்தில் கடலுக்குப் போய்விட்டது. கண்ணிவெடிகள் கப்பலின் காந்தச் சுவட்டை உணராதபடி கப்பலைச் சுற்றிக் கம்பிச் சுற்றுகளில் மின்னோட்டம் விட்டு அதை மறைப்பது பழைய வழக்கம். 2008-இல் ஹிக்கின்ஸ் என்ற அமெரிக்க நாசகாரியில் அந்தச் செம்புக் கம்பிக்குப் பதிலாக மீக்கடத்திக் கம்பியை வைத்துச் சோதித்தார்கள். 2022-இல் படையில் சேர்ந்த ஃபோர்ட் லாடர்டேல் என்ற கப்பலில் அது சாதனமாகவே ஏறிவிட்டது. நேர்மின்னோட்டம், சுழலாத கம்பி, முறுக்கு இல்லாத வேலை. சுலபமான பரீட்சையை முதலில் எழுதித் தேறியிருக்கிறது.

கடினமான பரீட்சைக்கு ஒத்தாசை எதிர்பாராத திசையிலிருந்து வரலாம் என்று தோன்றுகிறது. நார்வேயில் ஹைட்ரா என்ற படகு, கார்களையும் ஆட்களையும் ஏற்றிக்கொண்டு 2023-இலிருந்து திரவ ஹைட்ரஜனில் ஓடுகிறது. மேல்தளத்தில் 80 கன மீட்டர் கொள்ளும் தொட்டி; அதற்குள் பூஜ்ஜியத்துக்குக் கீழே 253 டிகிரியில் ஹைட்ரஜன். அதாவது 20 கெல்வின், ஃபிலடெல்ஃபியா மோட்டார் கேட்ட குளிரைவிடப் பத்து டிகிரி அதிகம். அந்த ஹைட்ரஜனை முதலில் சூடேற்றி வாயுவாக்கி, பிறகு தலா 200 கிலோவாட் தரும் இரண்டு எரிபொருள் கலங்களுக்குக் கொடுக்கிறார்கள். மோட்டார்கள் சாதாரணமானவை. மற்றவர்கள் பெரும் கூலி கொடுத்து உண்டாக்க வேண்டிய குளிர் அங்கே எரிபொருளோடு சேர்ந்து தொட்டியிலேயே வந்து இறங்குகிறது. அதை எந்தச் சுற்றின் மீதும் பாயவிடாமல் சூடாக்கி அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள்.